நிழல்களிலிருந்து உருவம் கண்ட ஜி.என். இராமச்சந்திரன்

சாலாக் செலாத்தான் அடுக்குமாடிகளில் புகை மருந்து அடிக்கும் நாள்களில் சன்னல்களை அடைத்துவிட்டு எல்லாரும் கீழே இறங்கிவிடுவோம். எங்கோ ஒரு வீட்டில் டிங்கி என்று மருத்துவமனையில் உறுதியாகியிருக்கும். அந்தச் செய்தி ஒரு மணி நேரத்தில் எல்லா மாடிகளுக்கும் ஏறிவிடும். அப்படி ஒரு மாலையில், கீழே நின்றிருந்த சிறுவன் ஒருவன் தன் பாட்டியிடம் கேட்டான்: கொசுவைத் தெரியும், அதற்குள் இருக்கும் டிங்கிக் கிருமி பார்க்க எப்படி இருக்கும்? பாட்டிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை. தமிழ் படித்துவிட்டுச் செய்தியாளர் வேலைக்கு வந்தவன் நான்; அறிவியலை எஸ்பிஎம்மோடு மூட்டை கட்டி வைத்தவன்.

அந்தக் கேள்வியின் பின்னால் போனபோதுதான் ஒரு பெயர் எதிரே வந்து நின்றது. ஜி.என். இராமச்சந்திரன். உயிரியல், இயற்பியல் படிப்பவர்களுக்கு உலகெங்கும் அறிமுகமான பெயர். நம் வீடுகளிலோ சர் சி.வி. இராமனைத் தெரிந்த அளவுக்கும், கணித மேதை இராமானுஜனைத் தெரிந்த அளவுக்கும் இவரைத் தெரியாது. அக்டோபர் 8 இவர் பிறந்த நாள். இந்தத் தமிழரின் கதையைச் சொல்ல அது ஒரு நல்ல சாக்கு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இராமச்சந்திரன் வைரஸ் ஆய்வாளர் அல்லர். இன்று வைரஸ்களின் உருவத்தைக் காட்டும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. ஆனால், கண்ணுக்கு எட்டாத பொருளின் நிழல்களைக் கொண்டு அதன் உருவத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கு ஒரு வழி சொன்னார். கட்டிய உருவம் சரியா தவறா என்று சோதிக்க இன்னொரு வழியும் சொன்னார். 

கோபாலசமுத்திரத்தின் பெயர் தாங்கியவர்

நம் தாத்தாக்கள் பலரின் பெயருக்கு முன்னால் ஊரின் முதலெழுத்து நிற்கும். இராமச்சந்திரனின் பெயரில் உள்ள ஜி என்பதும் அப்படித்தான். அது கோபாலசமுத்திரம், திருநெல்வேலிச் சீமை ஊர். என் என்பது தந்தை நாராயணன். குடும்பம் தமிழ்க் குடும்பம். ஆனால் இராமச்சந்திரன் பிறந்தது கேரளத்தின் எர்ணாகுளத்தில், 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-இல். தந்தை அங்குள்ள மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பின்னாளில் அக்கல்லூரியின் முதல்வரானார். மகனுக்குக் கணக்கின் ருசியை முதலில் காட்டியவர் அவர்தான்.

பட்டப்படிப்புக்குத் திருச்சி புனித வளனார் கல்லூரி. இயற்பியல் ஆனர்ஸ் படித்து, 1942-இல் சென்னை மாகாணத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மின்பொறியியல் துறையில்.

அந்தக் கழகத்தின் இயற்பியல் துறையில் அப்போது நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் இருந்தார். மின்பொறியியல் மாணவரான இராமச்சந்திரனின் மனம் அந்தப் பக்கமே இழுத்தது. அவருடைய கூர்மையைக் கண்ட இராமன், மின்பொறியியல் துறைத் தலைவரிடம் பேசித் தம் துறைக்கே மாற்றிக்கொண்டார். அதன்பின் எக்ஸ் கதிர், படிகம், ஒளி என்பவையே இராமச்சந்திரனின் உலகமாயின. வைரத்தை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்தார். 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் அளித்தது. இதற்கிடையே 1945-இல் இராஜலட்சுமியை மணந்திருந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த இல்லறம் அது.

1947 முதல் 1949 வரை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அங்கு ஊஸ்டர் என்ற அறிஞரின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேதான் அமெரிக்க வேதியியல் மேதை லைனஸ் பாலிங்கின் சொற்பொழிவுகளைக் கேட்டார். புரதங்களின் வடிவம் என்ற ஆசை அவர் மனத்தில் விழுந்தது அப்போதுதான். பட்டம் பெற்றதும் வெளிநாட்டிலேயே தங்கிவிடவில்லை. பெங்களூருக்குத் திரும்பினார்.

கிண்டியில் ஓர் ஆய்வுக்கூடம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் 1952-இல் புதிய இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க விரும்பினார். தலைமை ஏற்க இராமனை அழைத்தார். இராமன் தம்மால் வர இயலாது என்று சொல்லித் தம் மாணவரைக் கைகாட்டினார். முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் கிண்டி வளாகத்துக்கு வந்தார்.

அந்தக் காலத்தை நம் குடும்பக் கதைகளோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் புரியும். சென்னைத் துறைமுகத்திலும் நாகப்பட்டினத்திலும் மக்களை ஏற்றிக்கொண்டு ரஜூலா கப்பல் பினாங்குக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதே சென்னையில், ஒரு புதிய பல்கலைக்கழகத் துறையில், எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்றை அடித்தளத்திலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தார் இவர்.

எதை ஆராய்வது என்ற கேள்வி எழுந்தது. அப்போது சென்னைக்கு வந்திருந்த ஆங்கிலேய அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் கட்டமைப்பு இன்னும் சரியாக விளங்கவில்லை என்றார். அதைப் பிடித்துக்கொண்டார் இராமச்சந்திரன்.

கொலாஜன் என்றால் இன்று அழகுப் பொருள் விளம்பரம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம் அதுதான். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து நிற்பது அதுவே. அதன் மூலக்கூறு எப்படி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று கண்டறிய நல்ல எக்ஸ் கதிர்ப் படம் வேண்டும். ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த கொலாஜன் தெளிவான படத்தைத் தந்தது.

தம்மோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அவர் கண்ட விடை இது: மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட புரி. பெண்கள் மூன்று கால் எடுத்துப் பின்னும் சடையை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடத்தில் எல்லாம் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் வரவேண்டும்; வேறு எதற்கும் அந்த இடுக்கில் இடமில்லை. 1954-இல் நேச்சர் இதழில் இது வெளியானது. மூன்று இழைகளும் சேர்ந்து ஒரு பெரும் முறுக்காகச் சுருள்கின்றன என்ற திருத்திய வடிவத்தை 1955-இல் வெளியிட்டார்கள்.

தவறைச் சுட்டியபோது அவர் செய்தது

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கையின் பெரிய சோதனை வந்தது. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டு உலகப் புகழ் பெற்றிருந்த பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் 1955-இல் கொலாஜனுக்கு வேறொரு வடிவத்தை வெளியிட்டார்கள். மூன்று இழைப் புரி என்ற அடிப்படை ஒன்றுதான். ஆனால் சென்னைக்காரர்களின் வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதாகவும், அவ்வளவு நெருக்கம் இயற்கையில் நடவாது என்றும் குறை சொன்னார்கள்.

பெரிய இடத்துக்காரர்கள் குறை சொன்னால் நாம் என்ன செய்வோம்? ஒன்று, அடங்கிப் போவோம். இல்லையென்றால், நம்மை மட்டம் தட்டுகிறார்கள் என்று கோபப்பட்டு நிற்போம். இராமச்சந்திரன் இரண்டையும் செய்யவில்லை. குறையையே ஒரு கேள்வியாக மாற்றினார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? எது அளவு? யார் அளந்தார்கள்?

அதுவரை வெளியாகியிருந்த படிகக் கட்டமைப்புகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அணுக்களுக்கிடையே உண்மையில் உள்ள தூரங்களைத் திரட்டினார்கள். அந்தப் பட்டியலோடு அடுத்த கேள்விக்குப் போனார்கள். ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எந்தக் கோணங்களில் வளையவே முடியாது?

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சரம். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் அது திரும்பலாம். ஆனால் நினைத்தபடி எல்லாம் திரும்ப முடியாது. வேலை முடியும் நேரத்தில் மஸ்ஜிட் ஜாமெக்கில் எல்ஆர்டி ஏறியவர்களுக்கு இது விளங்கும். அந்த நெரிசலில் கையை மடக்கலாம், ஒருக்களித்து நிற்கலாம். முழங்கையை விரித்தால் பக்கத்தில் நிற்பவர் மேல் இடிக்கும். அணுக்களும் அப்படித்தான். இரண்டு கோணங்களையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒரு கட்டம் வரைந்தால், அதில் பெரும்பகுதி இடிக்கும் இடம். இடிக்காத இடங்கள் சில திட்டுகள் மட்டுமே. புரதங்கள் எல்லாம் அந்தத் திட்டுகளுக்குள்தான் வாழ்கின்றன.

வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து இராமச்சந்திரன் வரைந்த இந்தப் படம் 1963-இல் வெளியானது. கைக்கணிப்பொறிகளைச் சுழற்றி, ஒவ்வொரு கோணமாகப் போட்டுப் பார்த்துக் கண்ட விடை. இன்று அதற்கு இராமச்சந்திரன் வரைபடம் என்றே பெயர். உலகின் எந்த நாட்டில் உயிர்வேதியியல் பாடநூலைத் திறந்தாலும் அதில் இந்தத் தமிழ்ப் பெயர் இருக்கும். உலகின் எந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், வெளியிடும் முன் இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். புள்ளிகள் இடிக்கும் இடத்தில் விழுந்தால், எங்கோ பிசகியிருக்கிறது என்று அர்த்தம்.

கொலாஜன் வழக்கு என்ன ஆனது? மூன்று இழைப் புரி என்ற சென்னையின் அடிப்படைக் கருத்து நிலைத்தது. இழைகளுக்கிடையே உள்ள பிணைப்புகளின் நுணுக்கத்தில் கிரிக், ரிச் சொன்னதே சரியென்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆக, குறை சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்குக் காது கொடுத்ததால்தான் கொலாஜனைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது.

நிழலைத் திருப்பி அனுப்பும் கணக்கு

1970-ஆம் ஆண்டை ஒட்டி இராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குத் திரும்பினார். அங்கு மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவு என்ற புதிய துறையைத் தொடங்கினார். அந்த நேரத்தில்தான், தம் மாணவர் ஏ.வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து இன்னொரு கணக்கைப் போட்டார்.

கணக்கு இதுதான். மின்சாரம் போன இரவில் ஒரு குத்துவிளக்கைச் சுவருக்கு முன் வைத்து, கைவிளக்கை அடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் அடித்தால் தண்டும் தட்டும் சேர்ந்த நிழல். மேலிருந்து அடித்தால் தரையில் வெறும் வட்டம். ஒரு நிழலை மட்டும் வைத்துக்கொண்டு அது குத்துவிளக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் சுற்றிச் சுற்றிப் பல திசைகளிலிருந்து நிழல் எடுத்தால், அந்த நிழல்களைக் கொண்டே விளக்கின் முழு உருவத்தைக் கட்டிவிடலாம். எக்ஸ் கதிர்ப் படமும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் வெறும் கோட்டு நிழல் அல்ல. பொருளை ஊடுருவி வந்த நிழல். உள்ளே எங்கே அடர்த்தி கூடுதல், எங்கே குறைவு என்பதும் அந்த நிழலில் பதிந்திருக்கும்.

நிழல்களை வந்த வழியே திருப்பி அனுப்பி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் உருவம் வரும். ஆனால் கலங்கிப்போய் வரும். ஈரக் கோலத்தை விரலால் இழுத்துவிட்டதுபோல் எல்லா ஓரங்களும் பரவிக் கிடக்கும். ஃபூரியர் என்னும் கணித முறையால் அதைத் தெளிவாக்கும் வழி அப்போதே இருந்தது. 1968-இல் இங்கிலாந்தின் டீரோசியரும் குளூக்கும் அந்த முறையில்தான் ஒரு வைரஸின் வாலை முப்பரிமாணத்தில் கண்டார்கள். ஆனால் அக்காலக் கணினிகளுக்கு அது பெரும் சுமை.

இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் சுருக்குவழி சொன்னார்கள். ஒவ்வொரு நிழலையும் திருப்பி அனுப்பும் முன்பே, அதன் ஓரங்களில் சரியான அளவு கழித்தல் எண்களைச் சேர்த்துவிட வேண்டும். பிறகு எல்லா நிழல்களையும் கூட்டும்போது, பரவல் எல்லாம் கழித்தலோடு அடிபட்டுப் போய், உருவம் மட்டும் துலங்கி நிற்கும். பெருக்கலும் கூட்டலும் போதும். வேகமும் கூடும், தெளிவும் கூடும். 1971-இல் வெளியான அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே எக்ஸ் கதிர்ப் படங்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களும் இடம்பெற்றிருந்தன. இரண்டுக்கும் இது பயன்படும் என்று அவர்கள் அப்போதே கண்டிருந்தார்கள்.

வானொலி வானியலில் பிரேஸ்வெல் என்ற ஆஸ்திரேலியரும் முன்பே இதைப் போன்ற வழியை எட்டியிருந்தார். ஆயினும் மருத்துவப் பட உலகில் நிலைத்த பெயர் இந்த இருவருடையது. அந்தக் கழித்தல் எண்களின் அமைப்புக்கு இன்றும் ராம்-லாக் வடிகட்டி என்று பெயர். இராமச்சந்திரனில் ராம், இலட்சுமிநாராயணனில் லாக்.

அந்தக் கட்டுரை வந்த அதே 1971-இல்தான், இலண்டனில் ஒரு நோயாளியின் தலைக்கு முதன்முதலாக சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. பின்னால் வந்த சிடி கருவிகள் இந்தக் கணக்கு முறைக்கே மாறின. வீட்டில் பெரியவர்கள் விழுந்து தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் சிடி ஸ்கேனுக்குக் காத்திருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பல ஆண்டுகளாக அந்தக் கருவிகளுக்குள் வேலை செய்தது இந்தக் கணக்கின் வழிதான்.

வைரஸைப் பார்ப்பது ஏன் முக்கியம்

ஒரு கிருமியின் உருவத்தைப் பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டின் கதையே பதில் சொல்லும். 1998, 1999-இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் மடிந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. கொசுவுக்கு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து, 1999 மார்ச்சில் அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். கண்ட உருவம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியின் உருவம் அல்ல. முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. பகை கொசு அல்ல, பன்றிகளிடமிருந்து நேரடியாக வருகிறது என்று தெரிந்ததும் நடவடிக்கையே திசை மாறியது. 265 பேரைத் தாக்கி 105 உயிர்களைக் குடித்த அந்தக் கிருமிதான் நிப்பா. நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அது.

அந்த நுண்ணோக்கி காட்டியது வெளிக்கோடு. கிருமியின் மேல் ஒவ்வொரு புரதமும் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கிரையோ முறை வேண்டும். தக்காளியை ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்து எடுத்துப் பாருங்கள், குழைந்து போயிருக்கும். நீர் மெதுவாக உறையும்போது பனி ஊசிகள் தோன்றி உள்ளே கிழித்துவிடுகின்றன. கிரையோ முறையில் வைரஸ் கலந்த நீரை மிக மெல்லிய படலமாக்கி, மைனஸ் 180 டிகிரி செல்சியஸை ஒட்டிய திரவ ஈத்தேனில் சட்டென்று முக்குகிறார்கள். பனி ஊசி உருவாக நேரமே இல்லை. நீர் கண்ணாடிபோல் இறுகிவிடும். வைரஸ் இருந்தபடியே அதற்குள் நிற்கும்.

பிறகு எலக்ட்ரான்களைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். கூடுதலாகச் செலுத்தினால் வைரஸ் கருகிவிடும். அதனால் ஒவ்வொரு படமும் மங்கலாகவே இருக்கும். ஆனால் ஒரே படலத்தில் வெவ்வேறு திசையில் திரும்பிய ஆயிரக்கணக்கான வைரஸ்கள் உள்ளன. கணினி ஒவ்வொன்றும் எந்தத் திசை நிழல் என்று கண்டு, எல்லாவற்றையும் சேர்த்து உருவத்தைக் கட்டுகிறது. குத்துவிளக்குக் கணக்கேதான். இன்றைய மென்பொருள்கள் பல வழிகளைக் கையாளுகின்றன. உயிரணுவுக்குள் இருக்கும் ஒற்றை வைரஸைச் சாய்த்துச் சாய்த்துப் படம் எடுக்கும் பிரிவில், வடிகட்டிய நிழல்களைத் திருப்பி அனுப்பும் முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கிரையோ நுண்ணோக்கியை வளர்த்த டுபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் 2017-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சாலாக் செலாத்தான் சிறுவனின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. டிங்கி வைரஸின் உருவத்தை 2002-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் கிரையோ முறையில் கண்டார்கள். ஏறக்குறைய 50 நானோமீட்டர் பந்து அது. 20,000 பந்துகளை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். அதன் மேல் 180 புரதங்கள், கூரை ஓடு வேய்ந்ததுபோல் படுத்துக் கிடக்கின்றன. ஆனால் பிறக்கும்போது அது அப்படி இல்லை. நம் உயிரணுவுக்குள் முதலில் சேர்ந்து உருவாகும்போது மூன்று மூன்றாக எழுந்து நிற்கும் 60 முள்கள் இருக்கும். வெளியேறும் வழியில் தொப்பிபோல் மூடியிருந்த பகுதி வெட்டுப்பட, முள்கள் படுத்து, பந்து வழவழப்பாகிறது. அப்போதுதான் அது தொற்றும் வல்லமை பெறுகிறது. சில டிங்கி வைரஸ்கள் மனித உடல் வெப்பமான 37 டிகிரியில் மீண்டும் மேடுபள்ளமாக மாறுகின்றன என்பதை 2013-இல் காட்டியவர்களில் நம் அண்டை நாடான சிங்கப்பூரின் ஆய்வாளர்களும் உண்டு. தடுப்பூசி செய்பவர்களுக்கு இது பெரிய செய்தி. எந்த உருவத்தை எதிர்க்க உடலைப் பழக்குவது என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டும் அல்லவா?

கோவிட் காலமும் நினைவிருக்கும். 2020 ஜனவரியில் கிருமியின் மரபணு வரிசை வெளியானது. பிப்ரவரியிலேயே அதன் கூர்முனைப் புரதத்தின் வடிவத்தைக் கிரையோ முறையில் கண்டுவிட்டார்கள். நம்மில் பலர் போட்டுக்கொண்ட ஃபைசர் தடுப்பூசியில், அந்தப் புரதம் உருமாறிவிடாமல் விறைப்பாக நிற்க, இரண்டு இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை மாற்றி வைத்திருந்தார்கள். புரோலின் எளிதில் வளையாத அமிலம். இராமச்சந்திரன் வரைபடத்தில் அதற்குக் கிடைக்கும் திட்டு மிகக் குறுகியது. கங்காருவின் வாலில் அவர் ஆராய்ந்த கொலாஜனிலும் நிறைந்திருப்பது அதே புரோலின்தான்.

அகத்தி மரத்தின் கிருமி

இராமச்சந்திரன் தொடங்கிய பெங்களூருப் பிரிவு அவருக்குப் பின்னும் வளர்ந்தது. அங்கே எம்.ஆர்.என். மூர்த்தியின் குழுவினர் 1995-இல் ஒரு தாவர வைரஸின் முழு வடிவத்தை எக்ஸ் கதிர் முறையில் வெளியிட்டார்கள். அது எந்தத் தாவரத்தின் வைரஸ் தெரியுமா? நம் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் அகத்தி. அகத்தி இலையில் கண்ட அந்த வைரஸின் கூடும் 180 புரதங்களால் ஆனது. அப்புரதத்தின் முன்பகுதியை வெட்டிவிட்டால், 180-க்குப் பதில் 60 மட்டும் சேர்ந்து சின்னக் கூடாகிவிடுகிறது என்றும் பின்னர் கண்டார்கள். ஒரு வைரஸ் தன்னைத் தானே எப்படிக் கட்டிக்கொள்கிறது என்பதற்கு அகத்திக் கீரை சொன்ன பாடம் இது. அவர் நட்ட மரத்தின் நிழலில் விளைந்த ஆய்வு.

கடைசி ஆண்டுகள்

1961-இல் இந்திய அரசின் பட்நாகர் விருது, 1977-இல் இலண்டன் இராயல் சங்க உறுப்பினர் பெருமை, 1999-இல் உலகப் படிகவியல் ஒன்றியத்தின் ஈவால்ட் பரிசு எனச் சிறப்புகள் வந்தன. நோபல் பரிசு வரவில்லை. சிடி ஸ்கேனுக்கு 1979-இலும், எலக்ட்ரான் படங்களிலிருந்து உருவம் கட்டியதற்கு 1982-இல் குளூக்குக்கும் அது போனது. இரண்டு முறையும் அவர் பெயர் பட்டியலில் இல்லை.

முதுமை அவரிடம் கருணை காட்டவில்லை. பக்கவாதமும் பார்க்கின்சன் நோயும் தாக்கின. கோணங்களை நூல் பிடித்ததுபோல் அளந்த கை நடுங்கத் தொடங்கியது. 1998-இல் மனைவி இராஜலட்சுமி காலமானார். அதன்பின் அவர் மூன்று ஆண்டுகளே இருந்தார். 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். வயது 78.

பிள்ளைகளில் ஒருவரான இரமேஷ் நாராயண் அமெரிக்காவின் ஹார்வர்டில் வானியற்பியலாளர். 2019-இல் கருந்துளையின் முதல் படத்தை உலகுக்குக் காட்டிய பன்னாட்டுக் குழுவில் அவரும் ஒருவர். கண்ணுக்கு எட்டாததைக் காண்பது அந்தக் குடும்பத்தில் தொடர்கிறது.

இந்தக் கதையில் என்னை நிறுத்திவைத்தது விருதுகள் அல்ல, 1955-தான். உலகமே மதிக்கும் ஒருவர் உன் கணக்கு தவறு என்கிறார். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, எல்லாருடைய கணக்கையும் சோதிக்கும் ஓர் அளவுகோலை எடுத்து மேசை மேல் வைக்கிறார் இவர். தேர்வில் சிவப்பு மை விழுந்த தாளை ஒளித்துவைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஓர் இடத்தையாவது சொல்லலாம். தமிழ்ப்பள்ளி அறிவியல் மூலையில் இராமன் படத்துக்குப் பக்கத்தில் அவர் மாணவரின் படமும் ஒன்று இருக்கட்டும்.

சென்ற வாரம் எங்கள் பக்கம் மறுபடியும் புகை அடித்தார்கள். கீழே அதே சிறுவன் நின்றிருந்தான். கைப்பேசி வெளிச்சத்தில் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்து, சுவரில் விழும் நிழலைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்டமாகவே இருக்கிறதே, அப்புறம் பந்தின் மேல் இருக்கும் கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான்.

சரியான கேள்வி. அது ஊடுருவும் நிழல் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.